எத்தனை முறை எழுப்புவது?

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் கணினித் துறை இளைஞர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஒரு மழைநாளிலிருந்து தொடங்குகிறேன். நான் பிறந்து வளர்ந்தது செபராங் பிறையில், ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே மின்கம்பி மரங்களுக்கு நடுவே தலைக்கு மேலே போகும். பிற்பகலில் இடியும் காற்றும் வந்தால் விளக்கு அணையும். அணைந்த வேகத்தில் எரியும். மறுபடி அணையும், மறுபடி எரியும். மூன்றாவது, நான்காவது முறை அணைந்தால் பிறகு வராது. பாட்டி மண்ணெண்ணெய் விளக்கை எடுக்கப் போவார். மின்வாரிய ஆட்கள் ஏணியோடு வந்து பார்த்த பிறகுதான் வெளிச்சம் வரும்.

சிறுவயதில் அதை மின்சாரத்தின் தடுமாற்றம் என்று நினைத்தேன். வேலைக்கு வந்த பிறகுதான் அது திட்டமிட்ட செயல் என்று தெரிந்தது. கம்பத்தில் ரீக்ளோசர் என்று ஒரு கருவி இருக்கிறது. கம்பியில் கோளாறு வந்ததும் அது இணைப்பைத் துண்டிக்கும். சற்று நேரம் காத்திருந்து, தானே மீண்டும் இணைக்கும். மேல்நிலைக் கம்பியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை வந்து போகிறவை. ஒரு கிளை உரசியிருக்கும், மின்னல் தாக்கியிருக்கும். ஓரிரு நொடியில் கிளை விலகிவிடும், கம்பிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆகவே திரும்ப இணைத்துப் பார்ப்பது சரியான முடிவு. ஆனால் மரமே கம்பியின் மேல் சாய்ந்திருந்தால், எத்தனை முறை இணைத்தாலும் தீப்பொறிதான் பறக்கும். அதனால் சில முறை முயன்ற பின் கருவி பூட்டிக்கொள்ளும். மனிதன் வந்து பார்க்கும் வரை திறக்காது.

நாம் அமர்ந்திருக்கும் இந்த நகரத்தில் மின்சாரம் பெரும்பாலும் மண்ணுக்கடியில் கேபிளில் வருகிறது. புதைகேபிளுக்கு இந்தத் தானியங்கி மறு இணைப்பை வழக்கமாக வைப்பதில்லை. மண்ணுக்கடியில் கேபிள் பழுதானால் அது தானாகச் சரியாகாது. திரும்பத் திரும்ப மின்சாரம் விட்டால் பழுது பெரிதாகும். ஒரே மின்சாரம், ஒரே வாரியம், ஆனால் தோட்டத்துக்கு ஒரு விதி, பட்டணத்துக்கு வேறு விதி. கோளாறின் தன்மை பார்த்து விதி வகுத்திருக்கிறார்கள். கணினியில் விழுந்த பின்னணிச் சேவையை எத்தனை முறை எழுப்புவது என்று இன்றைக்கு நான் சொல்ல வந்த பொருளின் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது.

பின்னணிச் சேவை என்றால் என்ன என்று கேட்கும் பெரியவர்களுக்காக ஒரு சொல். பினாங்குப் பாலத்தின் சுங்கச் சாவடியில் டச் அண்ட் கோ அட்டையைத் தொடுகிறீர்கள், தடுப்பு உயர்கிறது. அந்த ஒரு நொடிக்குப் பின்னால் திரையே இல்லாத பல நிரல்கள் வெவ்வேறு கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத்தான் சர்வீஸ், டீமன் என்கிறோம். 1972இல் இன்டெல் தனது முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பாயான் லெப்பாசில் அமைத்த நாள் முதல், இந்தத் தீவில் இரவு என்பது ஓய்வு நேரமாக இருந்ததில்லை. மூன்று ஷிப்டிலும் இயந்திரம் ஓடுகிறது. அந்த இயந்திரங்களுக்குப் பின்னால் ஓடும் நிரல் விடியற்காலை மூன்று மணிக்கு விழுந்தால் யார் எழுப்புவது? அதற்காகத்தான் ஒவ்வொரு கணினியிலும் ஒரு மேற்பார்வை நிரல் இருக்கிறது. லினக்ஸ் சர்வர்களில் இன்று பெரும்பாலும் அது சிஸ்டம்டி. 2010இல் லென்னார்ட் பொட்டெரிங்கும் கே சீவர்சும் தொடங்கியது. அதில் ஒவ்வொரு சேவைக்கும் ‘ரீஸ்டார்ட்’ என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மாலை முழுவதும் பேசப் போகிறேன்.

அந்த வரியில் ஏழு சொற்களில் ஒன்றை எழுத வேண்டும். ஏழையும் ஒப்பிப்பதால் பயனில்லை. தோட்டத்து வழக்கில் சொன்னால் எளிது. விடியற்காலைப் பெரட்டில் மண்டோர் என்ற மேற்பார்வையாளர் ஆள் கணக்கு எடுப்பார். பகலில் ஒருவர் நிரையில் இல்லை என்றால் அவர் முதலில் கேட்பது, ஏன் இல்லை என்பதைத்தான். தன் மரங்களில் பால்வெட்டு முடித்து, பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். உடம்பு முடியாமல், சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பாம்பு கடித்து மரத்தடியில் விழுந்து கிடக்கலாம். மூன்றும் ‘ஆள் இல்லை’ என்பதுதான். மூன்றுக்கும் ஒரே மறுமொழி கொடுக்கிற மண்டோரை யாரும் மதிக்க மாட்டார்கள்.

நிரலும் இப்படி மூன்று விதமாகப் போகிறது. வேலை முடிந்து ஒழுங்காக வெளியேறினால் சுழியம் என்ற எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பிழையை உணர்ந்து, என்னால் முடியவில்லை என்று சுழியம் அல்லாத ஓர் எண்ணைச் சொல்லி விலகும். மூன்றாவது வகை, எதுவுமே சொல்லாமல் சாய்வது. நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டதால் இயக்குதளத்தின் மையமான கெர்னல் அதை அந்த இடத்திலேயே கொன்றிருக்கும். ‘ஆல்வேஸ்’ என்று எழுதினால், மூன்றிலும் மண்டோர் ஆளை இழுத்து வந்து நிரையில் நிறுத்துவார். நிர்வாகி கையால் நிறுத்தினால் மட்டும் விடுவார். ‘ஆன்-ஃபெயிலியர்’ என்று எழுதினால், ஒழுங்காக முடித்துப் போனவரை விட்டுவிடுவார், மற்றவரை எழுப்புவார். ‘ஆன்-அப்நார்மல்’ என்றால், தானே பிழை சொல்லி விலகியவரையும் விட்டுவிடுவார். அடிபட்டு விழுந்தவரையும் அசையாமல் உறைந்து நிற்பவரையும் மட்டும் எழுப்புவார். நீண்டகாலம் ஓடும் சேவைகளுக்கு ஆன்-ஃபெயிலியர் போதும் என்று சிஸ்டம்டியின் கையேடே பரிந்துரைக்கிறது. என் முப்பது ஆண்டு அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனாலும் நான் போய்ப் பார்க்கிற பத்து சர்வரில் எட்டில் ஆல்வேஸ்தான் இருக்கிறது. பாதுகாப்பு என்று நினைத்து எழுதுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன்.

அதைச் சொல்கிறேன். சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தொழிற்சாலையில் சர்வர் பொறுப்பில் இருந்தேன். மாதக் கடைசியில் இரவு ஷிப்டில் சம்பளச் சீட்டு அச்சிடும் சேவை ஒன்று ஓடும். புதிய பதிப்பில் ஒரு மாற்றம் செய்திருந்தார்கள். ஒவ்வொரு தொழிலாளியின் சீட்டுக்கும் அவர் பெயரிலேயே ஒரு நகல் கோப்பு சேமிக்க வேண்டும். சோதித்த பட்டியலில் இருந்த பெயர்கள் எல்லாம் சரியாக வேலை செய்தன. இந்த நாட்டில் நம் பெயர்கள் எப்படி எழுதப்படுகின்றன என்று உங்களுக்குத் தெரியும். ஏ/எல் என்றால் மகன், ஏ/பி என்றால் மகள், அதன் பின் அப்பா பெயர். அந்தச் சாய்கோடு அடையாள அட்டையில் இருக்கிறது, பள்ளிப் பதிவில் இருக்கிறது, கல்யாணப் பத்திரத்தில் இருக்கிறது. லினக்சில் சாய்கோடு என்றால் கோப்புறையின் பிரிவு. அதைக் கோப்புப் பெயருக்குள் வைக்க முடியாது.

பட்டியலில் முதல் தமிழ்ப் பெயர் நாற்பத்தோராவது இடத்தில் இருந்தது. நாற்பது சீட்டு அச்சாகும். நாற்பத்தோராவது பெயரில் நிரல் விழும். ஐந்து நொடி கழித்து சிஸ்டம்டி எழுப்பும். முழுப் பட்டியலும் முடிந்த பிறகுதான் ‘முடிந்தது’ என்ற குறி போடப்படும் என்பதால், நிரல் முதல் பெயரிலிருந்து தொடங்கும். மீண்டும் நாற்பது, மீண்டும் அதே பெயர், மீண்டும் விழும். காகிதம் தீரும் வரை அச்சுப்பொறி அந்த நாற்பது பேரின் சம்பளத்தையே அடித்துக்கொண்டிருந்தது.

காலையில் உற்பத்திப் பிரிவிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆபரேட்டராக இருந்தவர். “தம்பி, தரையெல்லாம் சீட்டா கெடக்கு. எங்க யாரோடதும் இல்ல. என்னன்னு பாருங்க” என்றார். கண்காணிப்புத் திரையைத் திறந்தேன். சேவை பச்சை நிறத்தில், ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் காட்டியது. பொய்யும் இல்லை. ஒவ்வொரு முறையும் அது இரண்டு நிமிடம் உண்மையாகவே ஓடியது. நிமிடத்துக்கொரு முறை எட்டிப் பார்க்கும் கண்காணிப்புக்கு அது எப்போதும் உயிரோடுதான் தெரிந்தது.

இங்கே துறை சார்ந்த தம்பி தங்கைகள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும். சிஸ்டம்டியில் பத்து நொடிக்குள் ஐந்து முறை தொடங்கினால், அதற்குமேல் எழுப்பாமல் விட்டுவிட வேண்டும் என்று இயல்பாகவே ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்பு என்னைக் காக்கும் என்று நம்பினேன். சேவை தோற்றால் எனக்கு மின்னஞ்சல் வர ‘ஆன்ஃபெயிலியர்’ என்ற தனி வரியும் எழுதி, எச்சரிக்கை மணியைக் கட்டி வைத்திருந்தேன். ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. காரணம் இதுதான்: தானாக எழுப்பும்படி எழுதப்பட்ட சேவை, வரம்பைத் தாண்டினால் மட்டுமே ‘தோற்றது’ என்ற நிலைக்குப் போகும். தோற்ற நிலைக்குப் போனால்தான் அந்த மணி அடிக்கும். இரண்டு நிமிடம் ஓடிவிட்டு விழும் சேவை பத்து நொடிக்குள் ஐந்து முறை எப்படித் தொடங்கும்? வரம்பு காகிதத்தில் இருந்தது. என் சேவையின் வாழ்நாளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இதே குழி இன்னொரு வடிவிலும் இருக்கிறது. விழுந்த சேவையை எழுப்ப சிஸ்டம்டி இயல்பாகக் காத்திருப்பது நூறு மில்லிநொடி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. இது மிக வேகம் என்று நினைக்கும் நல்ல பொறியாளர், இடைவெளியை ஐந்து நொடி என்று மாற்றுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் ஐந்து நொடிக்கொரு முறை தொடங்கினால், பத்து நொடிக்குள் ஐந்து முறை என்ற எல்லையை எந்நாளும் தொட முடியாது. அவர் அறியாமலேயே வரம்பை அழித்துவிட்டார். உடனே விழும் சேவையாக இருந்தால் ஒரு நாளைக்கு 17,280 முறை எழும், விழும். ஒருவருக்கும் செய்தி போகாது. லாக் என்ற நிகழ்வுப் பதிவு மட்டும் வளர்ந்து வட்டை நிரப்பும். இடைவெளியை மாற்றுகிறவர் வரம்பின் காலத்தையும் அப்போதே மாற்ற வேண்டும். இந்த இரண்டு எண்களும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதை விடக்கூடாது.

தோட்டத்து ரீக்ளோசரின் நினைவு அன்றைக்குத்தான் எனக்கு வந்தது. அது பூட்டிக்கொண்டபோதெல்லாம் சிறுவனாக எரிச்சல்பட்டேன். அது பூட்டிக்கொண்டதால்தான் ஏணியோடு ஆள் வந்தார் என்பது அந்தக் காகிதக் குவியலுக்கு நடுவே நின்றபோதுதான் உறைத்தது. வரம்பு வைப்பதைப் பலர் கைவிடுவது என்று புரிந்துகொள்கிறார்கள். மனிதனுக்குச் செய்தி போகும் வாசல் அது. வாசலை அடைத்துவிட்டு, வீடு அமைதியாக இருக்கிறது என்று மகிழ்கிறோம்.

அப்படியானால் தானாக எழுப்புவதே தவறா? இல்லை. அது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல விளக்கம் உண்டு. 1985இல் டேண்டம் என்ற கணினி நிறுவனத்தில் இருந்த ஜிம் கிரே, கணினிகள் ஏன் நிற்கின்றன என்று ஓர் ஆய்வறிக்கை எழுதினார். நிரல் பிழைகளை அதில் இரண்டாகப் பிரித்தார். இயற்பியலாளர் போரின் அணு மாதிரி போல உறுதியாக, எப்போது தேடினாலும் அதே இடத்தில் இருப்பது போர்பக். இன்னொரு இயற்பியலாளர் ஹைசன்பெர்க்கின் பெயரில், உற்றுப் பார்க்கப் போனால் காணாமல் போவது ஹைசன்பக். இரண்டு வேலைகள் ஒரே நொடியில் மோதிக்கொள்வது, நினைவகம் அந்த நேரத்தில் மட்டும் குறைந்துபோவது போன்றவை இரண்டாவது வகை. மீண்டும் தொடங்கினால் அந்தச் சூழல் கலைந்துவிடும், பிழையும் வராது. அவர் பார்த்த ஒரு தொகுதியில் 132 மென்பொருள் கோளாறுகளில் ஒன்றுதான் போர்பக். மற்றவை எல்லாம் மறுமுயற்சியில் மறைந்தவை. பயன்பாட்டுக்கு வருமுன் நன்றாகச் சோதிக்கப்பட்ட நிரல்களின் கணக்கு அது என்பதை மறக்கக்கூடாது. நேற்று மாலை அவசரமாக ஏற்றிய புதிய பதிப்புக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. என் சம்பளச் சீட்டுச் சேவையில் இருந்தது கல்லில் செதுக்கிய போர்பக். ஆயிரம் முறை எழுப்பினாலும் அந்தப் பெயரில் சாய்கோடு இருக்கும்.

ஆகவே விதி எழுதும்போது முதல் கேள்வி: இந்தச் சேவை விழுந்தால், அது கிளை உரசியதாக இருக்குமா, மரம் சாய்ந்ததாக இருக்குமா? அமைப்புக் கோப்பில் எழுத்துப் பிழை இருந்தால் அது மரம். அப்படிப்பட்ட பிழைக்கு நிரல் ஒரு தனி எண்ணைச் சொல்லி விலகும்படி எழுதலாம். யூனிக்ஸ் மரபில் 78 என்ற எண் அதற்கென்றே இருக்கிறது. அந்த எண் வந்தால் எழுப்பாதே என்று சிஸ்டம்டிக்குச் சொல்லிவைக்கலாம். நிரல் எழுதுபவரும் சர்வர் பார்ப்பவரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் முடிகிற காரியம் இது. பெரும்பாலான இடங்களில் அந்த ஐந்து நிமிடம் நடப்பதில்லை.

இரண்டாவது கேள்வி, எவ்வளவு நேரம் காத்திருப்பது. இதில் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி.அண்ட்.டி. நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பு ஒன்பது மணி நேரம் குலைந்தது. யாரும் கேபிளை வெட்டவில்லை, தீப்பிடிக்கவில்லை. நியூயார்க்கில் ஓர் இணைப்பகத்தில் சின்னக் கோளாறு. விதிப்படி அது சில நொடிகள் ஒதுங்கி, தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, திரும்பி வந்துவிட்டேன் என்று பக்கத்து இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. சில வாரங்களுக்கு முன் ஏற்றிய புதிய நிரலில் ஒரு பிழை இருந்தது. முதல் செய்தியைக் கையாண்டுகொண்டிருக்கும் நொடியில் அடுத்த செய்தி வந்துவிட்டால், கேட்டுக்கொண்டிருந்த இணைப்பகம் விழும். விழுந்தது எழும். எழுந்து தன் பக்கத்தாருக்குச் செய்தி சொல்லும். அவர்கள் விழுவார்கள். 114 இணைப்பகங்கள் இப்படி ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டும் எழுப்பிக்கொண்டும் இருந்தன. ஒவ்வொன்றும் தன் விதியைச் சரியாகவே பின்பற்றியது. பொறியாளர்கள் செய்திகளின் சுமையைக் குறைத்த பிறகுதான் வலையமைப்பு நின்று மூச்சு விட்டது.

மூத்தவர்களுக்கு 1996 ஆகஸ்ட் 3 நினைவிருக்கும். தீபகற்ப மலேசியா முழுவதும் இருண்ட மாலை அது. அன்று மின்சாரம் திரும்பியபோது எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் வரவில்லை. பகுதி பகுதியாகத்தான் விட்டார்கள். எல்லா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் தொழிற்சாலை மோட்டாரும் ஒரே நொடியில் இழுத்தால், எழுந்த மின்நிலையம் மறுபடி படுத்துவிடும். தரவுத்தளம் ஒன்று விழுந்து எழும்போது, அதை நம்பியிருக்கும் ஐம்பது சேவைகளும் ஒரே நொடியில் கதவைத் தட்டினால் அதுவும் படுத்துவிடும். ஆகவே காத்திருக்கும் நேரம் ஒவ்வொரு தோல்விக்கும் கூட வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் சற்று முன்பின்னாக இருக்க வேண்டும். நேரத்தைக் கூட்டும் முதல் வேலையைக் குபர்நெட்டீஸ் என்ற மேற்பார்வை அமைப்பு இயல்பாகவே செய்கிறது. பத்து நொடி, இருபது, நாற்பது என்று இரட்டித்துக்கொண்டே போய் ஐந்து நிமிடத்தில் நிற்கும். பத்து நிமிடம் விழாமல் ஓடிவிட்டால் கணக்கை மீண்டும் பத்து நொடியிலிருந்து தொடங்கும். சிஸ்டம்டியில் இப்படி இடைவெளியைப் படிப்படியாக நீட்டும் வசதி 2023இல் வந்த 254ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது. உங்கள் சர்வரில் அதற்கு முந்தைய பதிப்பு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுத்தளம் என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. போஸ்ட்கிரெஸ்கியூஎல் போன்ற தரவுத்தளம் நடுவில் விழுந்தால், எழும்போது தன் பதிவேட்டைப் புரட்டி, பாதியில் நின்ற கணக்குகளை எல்லாம் நேர்செய்யும். பெரிய தரவுத்தளமானால் அதற்குப் பல நிமிடம் ஆகலாம். சிஸ்டம்டியோ 90 நொடிக்குள் தயார் என்ற சொல் வராவிட்டால், இது எழவில்லை என்று கொன்றுவிடும். கொன்றால் தரவுத்தளம் அடுத்த முறை மீட்பு வேலையில் மறுபடி இறங்க வேண்டும். மறுபடி 90 நொடி, மறுபடி கொலை. காயம் ஆறிக்கொண்டிருப்பவரை, ஏன் இன்னும் எழவில்லை என்று ஒவ்வொரு முறையும் அடித்துக் கீழே தள்ளுவது போன்ற கொடுமை இது. இதனால்தான் அந்தக் காலக்கெடுவையே நீக்கிவிடுங்கள் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணம் பரிந்துரைக்கிறது. எழுப்புவதில் காட்டும் அக்கறையைக் காத்திருப்பதிலும் காட்ட வேண்டும்.

விழாமல் உறைந்து நிற்கும் சேவை தனி வகை. உயிர் இருக்கிறது, வேலை நடக்கவில்லை. மேற்பார்வை நிரலுக்கு அது தெரியாது. இதற்கு வாட்ச்டாக் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சேவை குறிப்பிட்ட இடைவெளியில், நான் நலம் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்ல மறந்தால் கொன்று எழுப்பிவிடும். நலம் சொல்கிற பொறுப்பை, வேலை செய்கிற பகுதியிடமே கொடுங்கள். நலம் சொல்வதற்கென்று தனி இழை வைத்தால், வேலை செய்பவன் இறந்துகிடக்க வாசலில் ஒருவன் நின்று எல்லாரும் நலம் என்று சொல்லிக்கொண்டிருப்பான்.

இப்போது எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாளுக்கு வருகிறேன். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி மதியம் 12:09க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறு கோப்பை அனுப்பியது. அதில் பிழை. அந்தக் கோப்பைப் படித்த விண்டோஸ் கணினிகள் நீலத் திரை காட்டி விழுந்தன. விழுந்தால் தானாக மீண்டும் தொடங்கு என்பது விதி. தொடங்கும்போதே அந்தக் கோப்பைப் படித்தாக வேண்டும் என்பது இன்னொரு விதி. இரண்டு விதியும் சேர்ந்து கணினியை எழுவதற்கும் விழுவதற்கும் நடுவே சிறை வைத்தன. 85 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் கணித்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஏர் ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். ஊழியர்கள் கையால் பதிவு செய்தார்கள்.

அந்த நிறுவனம் 1:27க்கே சரியான கோப்பை வைத்துவிட்டது. 78 நிமிடம்தான். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனவர்கள் திரும்புவதற்குள் மருந்து தயார். ஆனால் சிக்கிய கணினிகளில் பெரும்பாலானவை, வலையமைப்பைத் தொட்டு மருந்தை வாங்கும் அளவுக்குக்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. மனிதர்கள் ஒவ்வொரு கணினியின் முன்னும் போய் உட்கார்ந்து, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்தக் கோப்பைக் கையால் நீக்க வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் அஷூர் மேகக் கணினி வைத்திருந்தவர்களில் சிலர் பதினைந்து முறை வரை மறுதொடக்கம் செய்து மீண்டார்கள் என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. எழுந்து விழுவதற்கு இடைப்பட்ட சில நொடியில் மருந்து வந்து சேர்ந்தால் பிழைத்தார்கள்.

இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே செவ்வாய்க் கோளில் இதே நோய்க்கு வைத்தியம் நடந்திருக்கிறது. 2004 ஜனவரியில் அங்கே இறங்கிய ஸ்பிரிட் என்ற ஊர்தி சில வாரங்களிலேயே பேச்சை நிறுத்தியது. சேமிப்பு நினைவகத்தில் கோப்புகள் அதிகமாகி, கணினி தொடங்கும்போதெல்லாம் விழுந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட முறை எழுந்து விழுந்தது. இரவில் உறங்க வேண்டிய நேரத்தில் உறங்காமல் மின்கலத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் அதை வடிவமைத்தவர்கள் இரண்டாவது வாசல் ஒன்றை வைத்திருந்தார்கள். சேமிப்பைத் தொடாமல் தொடங்கு என்று பூமியிலிருந்து ஒரு கட்டளை போதும். அப்படித் தொடங்க வைத்து, கோப்புகளைத் துப்புரவு செய்து, ஊர்தியைப் பிழைக்க வைத்தார்கள். பிறகு அது பல ஆண்டு அங்கே உழைத்தது. ஏணியோடு ஆள் போக முடியாத இடத்துக்கு விதி எழுதுகிறவர்கள், எத்தனை முறை என்பதோடு நிற்க முடியாது. அத்தனை முறையும் தோற்றால் எதை விட்டுவிட்டு எழுவது என்பதையும் எழுத வேண்டும். நம் சேவைகளுக்கும் இது பொருந்தும். அறிக்கை தயாரிக்கும் பகுதி விழுகிறதென்றால், அதை விட்டுவிட்டு ஆர்டர் வாங்கும் பகுதி மட்டும் எழ முடியாதா? முடியும்படி எழுதியிருந்தால் முடியும்.

எரிக்சன் நிறுவனத்தில் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான எர்லாங் மொழியில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. அங்கே மேற்பார்வையாளருக்கு மேல் மேற்பார்வையாளர் என்று மரம்போல் அடுக்கு இருக்கும். இயல்பு அமைப்பில், ஐந்து நொடிக்குள் ஒரு முறை விழுந்தால் மேற்பார்வையாளர் எழுப்புவார். அதே ஐந்து நொடிக்குள் இரண்டாவது முறையும் விழுந்தால், இது என்னால் ஆகாது என்று தன் பிள்ளைகளை எல்லாம் நிறுத்திவிட்டுத் தானும் விலகுவார். செய்தி மேலே போகும். மேலே இருப்பவர் இன்னும் பெரிய வட்டத்தைத் துடைத்துத் தொடங்கிப் பார்ப்பார். ஒரு மட்டத்தில் தீராததை அந்த மட்டத்திலேயே மூடி மறைக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. நம் அலுவலகங்களிலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததுண்டு.

நான் இப்போது எப்படி எழுதுகிறேன் என்று தம்பிகள் கேட்பீர்கள். ஆன்-ஃபெயிலியர். முதல் இடைவெளி சில நொடி. தரவுத்தளத்தை நம்பிய சேவையானால் இன்னும் கூடுதல். வரம்பின் காலத்தைச் சேவையின் வாழ்நாளைப் பார்த்து வைக்கிறேன். இரண்டு நிமிடம் ஓடி விழக்கூடிய சேவைக்கு அரை மணி நேரத்தில் நான்கு முறை. அதைத் தாண்டினால் நிற்கட்டும், மணி அடிக்கட்டும். அந்த மணி என் கைத்தொலைபேசியில் உண்மையாக அடிக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை, வேண்டுமென்றே ஒரு சேவையைக் கொன்று பார்க்கிறேன். பாதியில் விட்ட வேலையைப் பாதியிலிருந்து தொடங்க, ஒவ்வொரு சீட்டுக்கும் தனித்தனியாகக் குறி போடும்படி நிரலாளரிடம் கேட்டு வாங்குகிறேன். வேலை செய்யும் நேரத்தில் சேவை நின்றால் வருகிற திட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.

சிஸ்டம்டி ஒவ்வொரு சேவையையும் எத்தனை முறை தானாக எழுப்பியது என்று எண்ணி வைத்திருக்கிறது. என்-ரீஸ்டார்ட்ஸ் என்பது அந்த எண்ணின் பெயர். சர்வர் பொறுப்பில் இருப்பவர்கள் நாளைக் காலை தேநீர் குடிப்பதற்கு முன் அதை ஒருமுறை பாருங்கள். சுழியமாக இருந்தால் நல்லது. நானூறாக இருந்தால், நானூறு இரவுச் செய்தி உங்களுக்கு வராமல் போயிருக்கிறது.

அந்தச் சம்பளச் சீட்டு நாளில் கோளாறைச் சரிசெய்துவிட்டு உற்பத்திப் பிரிவுக்குப் போய் அக்காவிடம் காரணத்தைச் சொன்னேன். நாற்பத்தோராவது பெயர் அவருடையதுதான். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். “எங்கப்பா பேருக்கு முன்னால இருக்கற கோடு, அதுவா தம்பி மெஷின நிறுத்திச்சு?” என்று கேட்டார். இல்லை அக்கா, உங்கள் பெயரைச் சோதிக்காமல் விட்டவர்கள் நிறுத்தினோம் என்று சொன்னேன். அன்று முதல் எந்த நிரல் என் கைக்கு வந்தாலும் சோதனைப் பட்டியலின் முதல் வரியில் ஏ/பி உள்ள ஒரு பெயரைப் போடுகிறேன். அது கற்பனைப் பெயர்தான். ஆனால் தட்டச்சு செய்யும்போதெல்லாம் அவர் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

 கேள்விகளைக் கேளுங்கள், இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள்.